கட்டைக்கு ஜுரம்

நவம்பர் 3, ஞாயிறு

இன்றைக்கும் பற்றவில்லை. நாலு முறை முயன்றேன். ஒரு வாரத்துச் செய்தித்தாள் தீர்ந்தது, தீப்பெட்டி பாதி காலி, கடைசியில் புகை மேலே போகாமல் கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் இருந்தபடி, "அப்பா, வெளியவே குளிர் கம்மியா இருக்கு" என்றாள். எட்டு வயது. இந்த வாய் எங்கிருந்து வந்ததோ.

வீடு வாங்கி இரண்டு மாதம். கூடத்தில் ஒன்று, மாடியில் ஒன்று, இரண்டு விறகுக் கணப்பு. இரும்புப் பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் கூரை வரைக்கும் குழாய். இதை விட்டால் வீட்டில் வேறு சூடு கிடையாது. வாங்கும்போதே இவள், என் மனைவி, கேட்டாள், "உங்களுக்கு இதெல்லாம் எரிக்கத் தெரியுமா?" என்று. "இதுல என்ன இருக்கு, கட்டைய வெச்சா எரியுது" என்றேன். மகளுடைய வாய் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

ஐந்தாவது முறை நான் குனிவதற்குள் இவள் போனை எடுத்துவிட்டாள். "அத்தான், கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

சகலை வந்தார். இவளுடைய அக்கா கணவர், கார் மெக்கானிக், இரண்டு தெரு தள்ளி வீடு. நான் அடுக்கிய கட்டைகளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்தார், திரும்ப உள்ளே வைத்தார், ஒரு குச்சி கிழித்தார். ஒரே குச்சி. நெருப்பு குபுகுபுவென்று பிடித்துக்கொண்டது. "அவ்வளவுதான் சகலை" என்று கையைத் தட்டிக்கொண்டார்.

நான் நெருப்பைப் பார்க்கவில்லை. இவள் அவரைப் பார்த்ததைப் பார்த்தேன். தப்பான பார்வை இல்லை, அப்பாடா என்கிற பார்வை. கல்யாணமாகிப் பத்து வருஷம். என்னைப் பார்த்து ஒரு தடவை அப்பாடா என்று இருந்திருக்குமா அவளுக்கு?

எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன். இந்த நோட்டில் எழுதாமல் வேறு எங்கே எழுத?

நவம்பர் 4, திங்கள்

காலையில் சாம்பலைக் கிளறினால் இன்னும் தணல் இருக்கிறது. அவர் சாம்பலுக்குக்கூட என் நெருப்பைவிட ஆயுசு கெட்டி.

நவம்பர் 10, ஞாயிறு

சகலை வீட்டில் சாப்பாடு. உள்ளே நுழைந்ததும் என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது, அவ்வளவு சூடு. அவர்கள் பெண், மூன்று வயசு, நாங்கள் சுண்டெலி என்று கூப்பிடுவது, கையில்லாத சட்டையோடு ஓடிவந்து என் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். நான் மருந்துக் கடைக்காரன். பையில் இருமல் மிட்டாய் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் என்னைத் தேடி ஓடிவருகிற ஒரே ஜீவன்.

மற்றபடி, சமையலறை ஃபேன் சத்தத்துக்கு மேலே, சாயங்காலம் முழுக்க அவர் கச்சேரிதான்.

"ஒம்பது மணிக்கு வாய் நிறையக் கட்டை. அப்புறம் இந்தக் கைப்பிடி இருக்கு பாரு, காத்து உள்ள போற வழி, அத இறுக்கி மூடிடணும். காலைல ஆறு மணிக்கும் கணகணன்னு இருக்கும். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டிட்டேன். சூடு ஒரு இம்மி வெளிய போகாது."

இவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். திரும்பி நடக்கும்போது, "நீங்களும் டேப் வாங்கிட்டு வாங்களேன்" என்றாள். மகள், "நான் இனிமே பெரியப்பா வீட்லயே தூங்குறேன்" என்றாள். நான் மட்டும் குளிரில் இரண்டடி முன்னால் நடந்தேன். வீட்டுக்கு வந்தால் வெளியே இருந்த அதே குளிர், கூரைக்குக் கீழே.

நவம்பர் 17, ஞாயிறு

மீட்டர் வாங்கினேன். இரண்டு ஊசி உள்ள சின்னக் கருவி. கட்டையைப் பிளந்து உள்பக்கம் குத்தினால் எவ்வளவு ஈரம் என்று எண் காட்டும். இருபதுக்குக் கீழே இருந்தால்தான் எரிக்கலாம் என்று கூடவே வந்த சீட்டில் போட்டிருக்கிறது. கொட்டகையில் நான் இறக்கி வைத்திருக்கும் கட்டை முப்பத்துநாலு! ஆக, குற்றம் கட்டையினுடையது. என்னுடையது இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் மதியம் வரைதான். சகலை வந்தார். நான் கொட்டகையில் ஒவ்வொரு கட்டையாகக் குத்திக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"என்ன டாக்டரே, கட்டைக்கு ஜுரம் பாக்குறியா?"

இவள் சிரித்தாள். மகள் சிரித்தாள். சிரிப்பு வந்தது எனக்கும், நல்ல ஜோக்தான். அதுதான் எரிச்சல். இந்த ஆளுக்கு ஜோக்கும் வருகிறது.

நவம்பர் 26, செவ்வாய்

அவர் சொன்னபடியே செய்தேன். நேற்று ஒன்பது மணிக்கு வாய் நிறையக் கட்டை, கைப்பிடி இறுக்கி மூடல், எல்லாம். காலையில் கண்ணாடிக் கதவு தார் பூசியது போல் கறுத்துக் கிடக்கிறது. சட்டையெல்லாம் புகை நாற்றம். சூடு? கேட்காதே.

அவருக்கு வருவது எனக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது? இரண்டு பேருக்கும் ஒரே வண்டியில் வந்த கட்டை, அதே கைப்பிடி. கைராசி என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்ன.

டிசம்பர் 1

மாடியில் இருக்கும் கணப்பை இன்னும் தொடவில்லை. பயம். மூன்று பேரும் கூடத்தில் வரிசையாகப் படுக்கிறோம், ரயிலைத் தவறவிட்டவர்கள் மாதிரி.

டிசம்பர் 12, வியாழன்

புகைபோக்கி துடைக்கிற அம்மாளை வரவழைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கடைக்கு அரை நாள் லீவு, இவள் வேலைக்குப் போனபிறகு, மகள் பள்ளிக்குப் போனபிறகு. ஐம்பது வயது இருக்கும். ஏணி, நீளத் தூரிகை, முகத்தில் துணி. கூரைமேல் ஏறி இறங்கி ஒரு வாளியை என் முன்னால் வைத்தாள். உள்ளே கறுப்பாக, பளபளப்பாக, உடைத்த கண்ணாடி போலத் துண்டு துண்டாக.

"ஈரக் கட்டைய எரிச்சீங்களா? காத்து வழிய மூடிட்டு எரிச்சீங்களா?"

"ராத்திரி மட்டும்."

"இது தார். குழாய்க்குள்ள படியும். ஒரு நாள் இதுவே தீப்பிடிக்கும். அதுக்கு முன்னாடி வழி அடைச்சுக்கும். அடைச்சா புகை எங்க போகும்? உங்க மூக்குக்குத்தான். புகைன்னா கூடத் தெரியும், இருமுவீங்க. கூட வர்ற விஷவாயுவுக்கு நெறமும் கெடையாது, வாசனையும் கெடையாது."

கார்பன் மோனாக்சைடு. கடையில் அதைப் பற்றிய சுவரொட்டியே இருக்கிறது. தினமும் அதன் கீழேதான் நிற்கிறேன்.

"அதுலயும் சில பேரு ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் போட்டு ஒட்டிடுவாங்க. சமையல்கட்டுல காத்து இழுக்குற ஃபேனப் போடுவாங்க. ஃபேனுக்குக் காத்து வேணுமே, அது புகைபோக்கி வழியா கீழ இழுக்கும்" என்றாள்.

பிறகு எனக்கு நெருப்பு மூட்டக் கற்றுக்கொடுத்தாள். பெரிய கட்டை அடியில், சுள்ளி மேலே. முதலில் ஒரு காகிதத்தைச் சுருட்டிக் குழாய் வாயருகே கொளுத்தவேண்டும். குளிர்ந்த குழாய் சூடாகி இழுக்க ஆரம்பிக்கும். அதுதான் ரகசியம். ஒரு குச்சி. எனக்கும் ஒரே குச்சி! மாடிக் கணப்பில் குழாய் விரிசல் விட்டிருக்கிறது, மாற்றும்வரை தொடாதீர்கள் என்றாள். செய்யவேண்டியதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி, தேதி போட்டு, கீழே தன் போன் நம்பரையும் எழுதிக் கணப்புப் பக்கத்துச் சுவரில் தானே ஒட்டிவிட்டுப் போனாள். அவள் போனதும் கடைவீதிக்குப் போய், அந்த விஷவாயு வந்தால் கத்துகிற அலாரம் இரண்டும் காய்ந்த கட்டை நாலு கட்டும் வாங்கிவந்தேன்.

சகலைக்குச் சொல்லவேண்டும். ஈரக் கட்டை, மூடின கைப்பிடி, டேப், ஃபேன். அவள் சொன்னது அத்தனையும் அவர் வீடு. சாயங்காலம் சொல்லவேண்டும்.

டிசம்பர் 13, வெள்ளி

நேற்று சாயங்காலம் இவள் உள்ளே வந்து கதவிலேயே நின்றுவிட்டாள். சூடு. கோட்டைக் கழற்றினாள். கணப்பின் முன்னால் கையை நீட்டினாள். நான் காத்திருந்தேன், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போல.

"அத்தான் சொல்லிக்குடுத்த மாதிரி செஞ்சீங்களா?"

ஆமாம் என்றேனா, இல்லை என்றேனா, ஞாபகமில்லை. அவர் வீட்டுக்குப் போகவில்லை. போன் செய்யவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

டிசம்பர் 15, ஞாயிறு

சகலையே வந்தார். கூடத்து நடுவில் நின்று ஒரு சுற்று சுற்றினார். "பரவாயில்லையே! கைப்பிடிய மூடினியா?"

வாயைத் திறந்தேன். அப்போதுதான் சுவரில் அலாரத்தைப் பார்த்தார். "இது என்ன டாக்டரே, கட்டைக்குப் பாத்தாச்சு, இப்போ காத்துக்கும் ஜுரமா?"

மூடிக்கொண்டேன். சொன்னால் சிரிப்பார். சிரித்துவிட்டு, "இத்தனை வருஷமா எரிக்கிறோம், ஒண்ணும் ஆகல" என்பார். இதெல்லாம் காரணம் இல்லை. எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாதது என்று ஒன்று, முதல் தடவையாக, என் கையில் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட மனசில்லை. கொஞ்ச நாள் என்னிடமே இருக்கட்டுமே. அவர் கண்ணாடிக் கதவும் கறுக்கட்டுமே ஒரு நாள்.

கறுக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

டிசம்பர் 18, புதன்

மத்தியானம் கடைக்கு அண்ணி வந்தார். இவளுடைய அக்கா.

"தலைவலிக்கு ஏதாவது குடுங்க தம்பி. ஒரு வாரமா காலைல எந்திரிக்கும்போதே மண்டை பிளக்குது. ஆபீஸ் போய் ஒரு மணி நேரத்துல சரியாயிடுது. வேலைக்குப் போனா சரியாகுற தலைவலி உலகத்துல எனக்கு மட்டும்தான்." சிரித்தார். "சுண்டெலிக்கும் ரெண்டு நாளா காலைல வாந்தி."

இருபது வருஷமாக இந்த மேஜைக்குப் பின்னால் நிற்கிறேன். இப்படி ஒருவர் சொன்னால் அடுத்து, வீட்டில் என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்கவேண்டும், தூக்கத்தில்கூடத் தெரியும். கேட்கவில்லை. பத்து மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். "சாப்பிட்டுப் போடுங்க" என்றேன்.

வரிசையில் இரண்டு பேர் நின்றார்கள் என்று எழுத வந்தேன். நின்றார்கள்தான். அதனால் இல்லை.

டிசம்பர் 19

ஜலதோஷமாகவும் இருக்கலாம். இந்தப் பருவத்தில் எல்லோருக்கும் தலைவலி. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு வாந்தியாம்.

யாருக்குடா கதை சொல்ற?

டிசம்பர் 20, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் அவர் பட்டறைக்குப் போன் செய்தேன். நான் பேசுவதற்குள், "என்ன டாக்டரே, உன் மிஷின் கத்துச்சா?" பின்னால் வேலையாட்கள் சிரிக்கிற சத்தம். எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறார் போல.

"சும்மாதான் சகலை" என்று வைத்துவிட்டேன்.

சும்மாதானாம். நாக்கை அறுக்கணும்.

டிசம்பர் 21, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தேன்.

காலையில் மகள் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அம்மா, இன்னைக்குப் பெரியப்பா வீட்ல தூங்கட்டுமா? சுண்டெலி கூப்பிட்டிருக்கா." இவள், "போய்ட்டு வா" என்றாள்.

நான், "வேண்டாம்" என்று கத்திவிட்டேன். இருவரும் என்னையே பார்த்தார்கள். படுக்கைப் பக்கத்துச் சுவரிலிருந்த அலாரத்தைக் கழற்றினேன். "எங்க எடுத்துட்டுப் போறீங்க?" "வந்து சொல்றேன்." இரண்டு தெருவும் ஓடினேன். வீட்டுச் செருப்போடு.

என் மகள் என்றதும் கால் ஓடியது. அவர் மகளுக்காக ஓடவில்லையே, ஒன்பது நாளாக.

சகலை பட்டறைக்குப் போய்விட்டிருந்தார். அண்ணி கதவைத் திறந்தார், முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு. சமையலறையில் ஃபேன் ஓடுகிறது. சுண்டெலி கணப்புக்குப் பக்கத்தில் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். "ரொம்ப நேரமா தூங்குறா தம்பி, எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்குறா." அலாரத்தை மேஜைமேல் வைத்தேன். அதை மறந்து குழந்தையைத் தூக்கினேன். தலை தொங்கியது. வாசலைத் தாண்டும்போது அலாரம் கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தத்திலும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

தெருவில், குளிரில், எதிர்வீட்டு வாசற்படியில் வைத்து முதுகைத் தட்டினேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் தட்டினேன். பேரைச் சொல்லிச் சொல்லித் தட்டினேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். ஆம்புலன்ஸ் திருப்பத்தில் வரும்போது சுண்டெலி அழுதாள். என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல சத்தம் கேட்டதில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

இருவரும் பிழைத்தார்கள். ஆக்சிஜன் வைத்து, சாயங்காலம் குழந்தை தண்ணீர் கேட்டு, ராத்திரி வீட்டுக்குப் போகணும் என்று அடம்பிடித்ததாம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். நிஜ டாக்டர்.

சகலை கை முழுக்க கிரீஸோடு ஆஸ்பத்திரி நடையில் நின்றார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ மட்டும் வரலேன்னா..." அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. "உனக்கு எப்படித் தோணுச்சு? எப்படித் தோணுச்சு சகலை?"

"தோணுச்சு" என்றேன்.

இவள் பக்கத்தில் இருந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை. நவம்பர் மூன்றாம் தேதி நான் ஏங்கிய அதே பார்வை, அப்பாடா என்று. கிடைத்துவிட்டது. தரையைப் பார்த்தேன்.

டிசம்பர் 27

சகலை ஊரெல்லாம் சொல்கிறார். பட்டறையில், தெருவில், பால் போடுகிறவரிடம். "என் சகலை இல்லேன்னா என் குடும்பமே இல்ல." கடைக்கு வருகிறவர்கள் கையைக் குலுக்குகிறார்கள். மகள் பள்ளியில் கட்டுரை எழுதியிருக்கிறாள், தலைப்பு 'என் அப்பா'.

தூக்கம் இல்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

நோட்டை எடுத்தேன். பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில் ஒரு அட்டை இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த அட்டை. நான் வைக்கவில்லை.

டிசம்பர் 30, திங்கள்

சகலை தன் வீட்டுப் புகைபோக்கியைத் துடைக்க ஆள் கேட்டிருக்கிறார். இவள் போன் நம்பர் பார்க்கச் சுவரிலிருந்து அட்டையை எடுத்திருக்கிறாள். நம்பருக்கு மேலே தேதி. பன்னிரண்டு.

"உங்க நோட்டப் படிச்சது தப்புதான்" என்றாள். சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல். "பதினஞ்சாம் தேதியோட நிறுத்தியிருக்கலாம். பதினெட்டையும் படிச்சுட்டேன்."

நான் நின்றேன்.

"அவ எங்க அக்கா."

தெரியும் என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் போய்ச் சொல்லணும். சொல்லாம இருந்துடலாம்னு நினைச்சீங்கன்னா, அவரு உங்களப் பத்திப் பெருமையாப் பேசுற ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்துல இருப்பேன்."

ஜனவரி 4, சனி

சொன்னேன்.

பட்டறையில் வேறு யாரும் இல்லை. ஒரு காரின் அடியிலிருந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. நின்றபடியே சொன்னேன், சுருக்கமாக, சாக்குப்போக்கு இல்லாமல். இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததுதான்.

"பன்னெண்டாம் தேதியே தெரியுமா?"

"தெரியும்."

"அவ மாத்திரை வாங்க வந்தப்போ?"

"தெரியும்."

அழுக்குத் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நெடுநேரம். "ஏன்?"

"பொறாமை."

"என் மேலயா? என்னத்தப் பாத்து?"

"நீங்க ஒரே குச்சியில மூட்டுவீங்க."

இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அதுக்கா?" என்றார். துணியைக் கீழே போட்டுவிட்டு, "கத்துக்குடுன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார். பிறகு, "போயிடு சகலை. இப்போ போயிடு."

ஜனவரி 12

போன் இல்லை. இவள் மட்டும் போய்விட்டு வருகிறாள். அங்கே என்ன பேச்சு என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

மகள்: "பெரியப்பா ஏன் இப்பல்லாம் வர்றதே இல்ல?"

"அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டேன்." என்ன தப்பு என்று கேட்டாள். சொன்னேன். எட்டு வயசுக்குப் புரிகிற மாதிரி, ஆனால் எதையும் குறைக்காமல். எழுந்து போய்த் தன் பையிலிருந்து அந்தக் கட்டுரைத் தாளை எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

ஜனவரி 28

தினமும் காலையில் நெருப்பு மூட்டுகிறேன். ஒரு குச்சி. யாரும் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

பத்து மணிக்குப் போன். அவர் பெயரைத் திரையில் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

முதலில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கட்டை வந்து எறங்கியிருக்கு. ஒரு வண்டி." மறுபடி கனைப்பு. "ஜுரம் பாக்கணும். உன் மிஷின எடுத்துட்டு வர்றியா?"

டாக்டரே என்று சொல்லவில்லை. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன், இந்தத் தடவை ஷூ மாட்டிக்கொண்டு.

ஜன்னல்களில் டேப் இல்லை. கூடத்துச் சுவரில் புது அலாரம் தெரிந்தது. அண்ணி சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தார், வெளியே வரவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அது அவர் நியாயம். சுண்டெலி மட்டும் ஓடிவந்து கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். மிட்டாய் இருந்தது. ஒரு மாதமாகத் தினமும் போட்டு வைத்ததுதான்.

அவர் கோடாரியால் கட்டையைப் பிளந்து பிளந்து போட்டார். நான் குனிந்து குத்தினேன். என்ன கட்டை அது! நேர்த்தியான ரேகை, தட்டினால் மணிபோலச் சத்தம். எங்கே பிடித்தாரோ. என் கொட்டகையில் கிடப்பது இன்னும் இருபத்தாறுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. அந்தப் பழைய புழு மறுபடி ஒரு தடவை நெளிந்தது, தெரிந்தது. போய்விட்டது என்று பொய் எழுதமாட்டேன்.

"எவ்வளவு காட்டுது?" என்றார், மூச்சு வாங்க.

"பதினேழு" என்றேன். உடனே சொன்னேன். "என்னோடதவிட நல்ல கட்டை."

அவர் அடுத்த கட்டையை நிமிர்த்தி வைத்தார்.